அய்யா வந்துட்டாருங்களா

ஜனவரி 27, கார்த்தஹேனா

வந்து சேர்ந்தேன். கோயம்புத்தூரில் வீட்டைப் பூட்டி நாற்பத்தொரு மணி நேரம் ஆகிறது. மூன்று விமானம் மாறியதில் ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. எந்த விமானத்தின் உபயம் என்று தெரியவில்லை.

எங்கள் அன்னபட்சி டிராவல்ஸின் குழு பிப்ரவரி மூன்றாம் தேதி இங்கே இறங்குகிறது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ஆட்கள், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் வருவதற்குள் அவர்கள் நடக்கப்போகும் ஒவ்வொரு தெருவையும் நான் நடந்து பார்த்துவிட வேண்டும். எங்கே நிழல், எங்கே படிக்கட்டு, எங்கே கழிப்பறை. எத்தனை நூற்றாண்டுக் கோட்டையாக இருந்தாலும் சரி, பக்கத்தில் கழிப்பறை இல்லை என்றால் அது என் பட்டியலில் ஏறாது. இருபத்தாறு வருஷமாக இந்த வேலையில் நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

கொலம்பியாவின் கரீபியன் கரை ஊர் இது. மதில் சுற்றிய பழைய நகரம், மஞ்சளும் நீலமுமாக வீடுகள், மர பால்கனிகளில் வழியும் காகிதப்பூ. மூன்று வருஷத்துக்குப் பிறகு வருகிறேன். ஒன்றும் மாறவில்லை.

விடுதியில் இரண்டு சாவி கொடுத்தார்கள். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு என்றேன். கூட வந்திருக்கும் பெரியவருக்கு என்றாள் வரவேற்பில் இருந்த பெண். திரும்பிப் பார்த்தேன். பெட்டி தூக்குகிறவர்கூட இல்லை. ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து படுத்தேன்.

ஜனவரி 28

காலை ஏழு மணிக்கு யாதிரா வந்துவிட்டார். உள்ளூர் வழிகாட்டி, மதிலுக்கு வெளியே இருக்கும் பழைய குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர், நாற்பது வயது, தெருக்கோடியில் நின்றாலும் கேட்கிற சிரிப்பு. போன தடவையும் இவர்தான் எங்களோடு இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெயில் ஏறுவதற்குள் கிளம்பலாம் என்றேன்.

மணிக்கூண்டு வாசலில் ஆரம்பித்து, சந்துகள் வழியாக, மதில்மேல் ஏறிக் கடலைப் பார்த்து இறங்குவது வரை ஒரு சுற்று. கையில் ஸ்டாப்வாட்ச். என் நடைக்கு ஒரு மணி இருபது நிமிடம். நம் ஆட்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் யாதிரா ஒவ்வொரு முனையிலும் நின்று நின்று வந்தார். எனக்காக இல்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது முனையில் பொறுமை போய் என்ன என்று கேட்டேன். பெரியவர் மெதுவாக வருகிறாரே, அவரை விட்டுவிட்டா போவது என்றார். எந்தப் பெரியவர் என்றேன். எட்டிப் பார்த்துவிட்டு, தொப்பிக் கடைக்குள் நுழைந்துவிட்டார் போலிருக்கிறது என்றார். ஊர் முழுக்கச் சுற்றுலாக்காரர்கள். யாரையோ என்னோடு சேர்த்துவிட்டார்.

அப்படி நின்று நின்று நடந்ததில் ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. அதையே தாளில் குறித்துக்கொண்டேன். குழுவில் கடைசியாக நடக்கிறவரின் நேரம்தான் குழுவின் நேரம்.

ஜனவரி 29

கோட்டைக்குப் போனோம். சரிவுப் பாதையில் கைப்பிடி இல்லை, சுரங்கங்களுக்குள் தலை இடிக்கும். மூட்டு வலிக்காரர்களைக் கீழே நிழலில் உட்காரவைத்து இளநீர் வாங்கிக் கொடுத்துவிடலாம். ஐந்தாம் தேதிக்கு வைத்தேன்.

ஆளை எண்ணுவது பற்றி யாதிரா கேட்டார். இங்கே வழிகாட்டிகள் விரலை நீட்டி, சத்தமாக எண்ணுகிறார்கள். எங்கள் ஆட்களிடம் அது நடக்காது. ஆடு மாடா நாங்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவார்கள். ஆளை எண்ணினால் ஆயுசுக்கு ஆகாது என்ற பயமும் உண்டு. அதனால் நான் கண்டுபிடித்தது ஜோடிக் கணக்கு. வண்டி ஏறியதும் ஒவ்வொரு அம்மாவிடமும் "அய்யா வந்துட்டாருங்களா?" என்று ஒரு கேள்வி. "வந்துட்டாருங்க" என்றால் இரண்டு தலை. எண்ணிய மாதிரியும் இல்லை, எண்ணாமல் விட்ட மாதிரியும் இல்லை. கணவர் வராமலே வந்துவிட்டார் என்று சொன்ன மனைவியை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

ஒருவரைத் தவிர.

மூன்று வருஷத்துக்கு முன், பிப்ரவரி ஆறாம் தேதி, இங்கே ஒரு தீவுக்குக் குழுவைக் கூட்டிப்போய்த் திரும்பும் படகில், பொள்ளாச்சி மயிலாத்தாள் அம்மாவிடம் கேட்டேன். முன் வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். தெளிவாக "வந்துட்டாருங்க" என்றார். படகை எடுக்கச் சொன்னேன். அறிக்கையிலும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். போலீஸ் ஏற்றுக்கொண்டது, கம்பெனியும் ஏற்றுக்கொண்டது. நான் கேட்டேன், அவர் சொன்னார். என் பங்கு அவ்வளவுதான்.

ஜனவரி 30

சாப்பாட்டு ஏற்பாடு. இந்த ஊரில் எதைக் கேட்டாலும் மீன் இல்லாமல் வராது. மதிலை ஒட்டிய ஒரு சின்னக் கடையில் சமையல் செய்யும் அம்மாளைப் பிடித்து, தேங்காய்ப்பால் சாதமும் வறுத்த வாழைக்காயும் பீன்ஸ் குழம்பும் மீன் படாத பாத்திரத்தில் செய்துதரச் சம்மதிக்க வைத்தேன். சாதம் கொஞ்சம் இனிப்பாக இருக்கிறது. ஊறுகாய் கொண்டுவரச் சொல்லிக் குழுவுக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.

ருசி பார்க்க இரண்டு தட்டு வைத்தார்கள், ஒன்று எனக்கு, ஒன்று எதிர் நாற்காலிக்கு. வைத்ததை எடுக்கச் சொல்வது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே பட்டியல் திருத்தினேன். எழுந்தபோது இரண்டு தட்டும் காலி. நல்ல பசி போலிருக்கிறது.

ஜனவரி 31

முழுத் திட்டத்தையும் கோவைக்கு அனுப்பினேன். நான்காம் தேதி பழைய நகரம். ஐந்து, கோட்டை. ஆறாம் தேதி, சேற்று எரிமலை: ஒரு சின்னக் குன்றின் வாய் நிறைய வெதுவெதுப்பான சேறு, இறங்கி மிதக்கலாம். தீவை எடுத்துவிட்டேன். காற்றுக் காலம், அலை அதிகம், வயதானவர்களுக்கு ஆகாது என்று காரணமும் எழுதினேன். எல்லாம் உண்மையான காரணங்கள்தான்.

ஒரு மணி நேரத்தில் முதலாளியே போனில் வந்தார். தீவு கட்டாயம் வேண்டுமாம், அதுவும் ஆறாம் தேதியே. யார் கேட்டது என்றேன். கொஞ்சம் இழுத்துவிட்டுச் சொன்னார். மயிலாத்தாள் அம்மா இந்தக் குழுவில் வருகிறார். தனியாக வருகிறார், ஆனால் இரண்டு இருக்கை போட்டிருக்கிறார். சபேசன் தம்பி, அதாவது நான், கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால்தான் வருவேன் என்று சொன்னாராம். முன்பே சொன்னால் நான் கிளம்பியிருக்க மாட்டேன் என்று மறைத்துவிட்டார்கள்.

அவருடைய கணவர் தாமோதரசாமி, பொள்ளாச்சியில் பெரிய தென்னந்தோப்புக்காரர். எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் கோயிலையும் பார்க்க மாட்டார், கோட்டையையும் பார்க்க மாட்டார், தென்னை இருந்தால் அண்ணாந்து நின்றுவிடுவார். தீவின் பின்பக்கம் தென்னைகள் இருக்கின்றன என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். படகு கரைக்கு வந்து எல்லோரும் இறங்கிய பிறகுதான் அவர் இல்லை என்று தெரிந்தது. கடல் பொங்கிவிட்டது என்று அதற்குமேல் படகு விடத் துறைமுகத்தில் சம்மதிக்கவில்லை. பகலில் மட்டும் ஆள் வந்துபோகும் தீவு அது. மறுநாள் விடிந்ததும் போனோம். தென்னை அடியில் செருப்பு இருந்தது, பக்கத்தில் மடித்துவைத்த சட்டை. எதிரே அரை மைலில் இன்னொரு தீவு, அங்கே விளக்கு எரியும். அதை நம்பித் தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை.

ஜோடிக் கணக்கில் தவறில்லை. அந்த அம்மா, படகின் நடுவில் இருந்தார், காற்றில் குரல் சரியாகக் கேட்கவில்லை, ஆனால் தலையை ஆட்டினார். நன்றாக ஆட்டினார்.

பிப்ரவரி 1

காய்ச்சல் மாதிரி இருக்கிறது. மதில்மேல் இரண்டு சுற்று நடந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 2

தீவுக்கு ஒத்திகை. படகுக்காரர் எல்மேர், போன தடவை வந்த அதே ஆள். மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், காற்றுக் காலத்தில் அவரைவிட நல்ல கை இல்லை என்று யாதிரா சொல்லிவிட்டார்.

படகுத்துறையில் பயணிகள் பட்டியல் கொடுத்தால்தான் படகை அவிழ்க்கலாம். எல்மேர், யாதிரா, நான். எழுதுகிற பெண் நிமிர்ந்து படகைப் பார்த்துவிட்டு நான்காவது பெயர் என்ன என்று கேட்டாள். மூன்று பேர்தான் என்றேன். பேனாவைப் பிடித்தபடி இன்னொரு முறை பார்த்தாள். பிறகு மூன்று என்று எழுதினாள்.

போக ஐம்பத்தைந்து நிமிடம். வழியில் எல்மேர் பேச்சோடு பேச்சாக, அன்றைக்கு எல்லோரும் ஏறியாச்சா என்று தான் கேட்டதாகவும், நான் போனைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதாகவும் சொன்னார். குற்றம் சொல்கிற தொனி இல்லை. அவருக்கும் வயதாகிவிட்டது, எதையோ எதனோடோ குழப்பிக்கொள்கிறார்.

நான் தீவில் இறங்கவில்லை. இறங்குபலகை ஆடுகிறது, இருபக்கமும் ஆள் நிற்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். அது போதும், திரும்பலாம் என்றேன். எல்மேர் எஞ்சினைக் கிளப்பாமல் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்றேன். அவரும் ஏறிக்கொள்ளட்டும் என்றார். நான் பதில் சொல்வதற்குள் படகின் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்து நிமிர்ந்தது. அலைதான். கிளம்பினோம். திரும்பி வந்த நேரத்தைக் குறிக்க மறந்துவிட்டேன். இதுவரை அப்படி மறந்ததில்லை.

பிப்ரவரி 3

குழு வந்துவிட்டது. எட்டு ஜோடி, மயிலாத்தாள் அம்மா ஒருவர். ஆக பதினேழு பேர், பதினெட்டு இருக்கை. இரண்டு பெட்டி வந்து சேரவில்லை, ஒருவருக்கு வயிறு சரியில்லை, உடுமலை சின்னையன் வாத்தியாருக்கு அறையில் பல்லி இருக்கிறதாம். எல்லாவற்றுக்கும் ஓடினேன். ஓடுகிற வேலை இருந்தால் நன்றாக இருக்கிறது.

மயிலாத்தாள் அம்மா நெற்றியில் குங்குமம் இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. உடலைப் பார்க்காமல் எதையும் கழற்ற மாட்டேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டாராம். இளைத்திருக்கிறார். என்னைப் பார்த்து, நல்லா இருக்கறீங்களா தம்பி என்று கேட்டார். கோபம் இல்லாத குரல். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் ஒரு துண்டை விரித்துப் போட்டார். அதில் யாரையும் உட்கார விடவில்லை.

ஜோடிக் கணக்கு எடுத்தேன். அவரிடம் வந்தபோது கேட்காமல் தாண்டிப் போய்விட்டேன்.

பிப்ரவரி 4

நகர உலா ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. நிமிடம் பிசகவில்லை. வாத்தியார் எனக்குக் கை கொடுத்தார்.

மதில்மேல் மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மயிலாத்தாள் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க தம்பி, அன்னைக்கு நான் என்னன்னு சொன்னனுங்க? அந்த வார்த்தைய அப்படியே ஒருக்கா சொல்லுங்க."

மூன்று வருஷமாக யோசித்துப் பார்த்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லையாம். அதிர்ச்சியில் மறந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். மகனும் அதையே சொல்லிவிட்டு அம்மாவோடு பேச்சைக் குறைத்துக்கொண்டானாம். தான் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் நான்தான், அதனால்தான் என்னைத் தேடி வந்தாராம். எந்தக் குரலில் சொன்னேன், சிரித்துக்கொண்டு சொன்னேனா, சும்மா தலையாட்டினேனா, அய்யாவைப் பார்த்துவிட்டுச் சொன்னேனா, பார்க்காமலே சொன்னேனா. எல்லாவற்றையும் கேட்டார்.

முன் வரிசையில் இருந்தீர்கள், பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு வந்துட்டாருங்க என்றீர்கள் என்றேன். அவர் உதடு அந்த வார்த்தையைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. இந்த ஊர் வெயில் அப்படி.

பிப்ரவரி 5

கோட்டை. மூட்டு வலிக்காரர்கள் ஐந்து பேரைக் கீழே உட்காரவைத்தேன். மயிலாத்தாள் அம்மாவும் உட்கார்ந்துகொண்டார். இளநீர் கொடுக்கப் போனேன். இரண்டாக வாங்கி ஒன்றைப் பக்கத்தில் வைத்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். தனக்குப் படகு ஆகாது, அன்றைக்குக் காலையில் போகும்போதே வாந்தி, திரும்பும்போது பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கவில்லை, பின்னால் சுருண்டு கிடந்த ஞாபகம், பிஸ்கட் எப்படித் தின்றிருப்பேன் என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. தன் ஞாபகம்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு கேட்டார். வேறு யாரையோ பார்த்திருப்பேன், நீங்கள் பின்னால்தான் இருந்தீர்கள், தலையை மட்டும் ஆட்டினீர்கள் என்றேன். ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"செரிங்க தம்பி. நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும்."

இன்றைக்கு எழுத வேண்டியது அவ்வளவுதான். நாளைக்குத் தீவு. காலை ஏழரைக்குப் படகு, பிற்பகல் இரண்டரைக்குத் திரும்புகிறோம். நாளைக்கு விரலை நீட்டித்தான் எண்ணுவேன். யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

அன்றைக்கு அந்த அம்மா துண்டால் தலையை மூடிக் கடைசி வரிசையில் சாய்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று தெரிந்தது. மிதவை ஜாக்கெட். ஆள் போட்டிருந்த ஜாக்கெட்தான் என்று நினைத்தேன். நினைத்தேனா?

பிப்ரவரி 6

எல்லோரும் இருக்கிறார்கள். பதினேழு பேரும் விடுதியில் இருக்கிறார்கள். இன்று அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 7

காலையில் இரண்டு கடிதம் அனுப்பினேன். ஒன்று கம்பெனிக்கு, ஒன்று இந்த ஊர்ப் போலீஸுக்கு. யாதிராதான் ஸ்பானிய மொழியில் எழுதிக் கொடுத்தார். மூன்று வருஷத்துக்கு முன் நான் கொடுத்த அறிக்கை பொய் என்று எழுதியிருக்கிறேன். கோவையிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை. முதலில் நேற்று நடந்ததை எழுதி முடிக்க வேண்டும்.

தீவில் பகல் நன்றாகவே போனது. கரையோரம் கால் நனைத்தார்கள், கட்டிச் சோறு பிரித்தார்கள், வாத்தியார் சிப்பி பொறுக்கினார். நான் இறங்குபலகையை விட்டு நகரவில்லை. இரண்டு மணிக்குக் காற்று மாறியது, எல்மேர் கிளம்பச் சொல்லிக் கையசைத்தார். எல்லோரும் ஜாக்கெட் மாட்டி, தெறிக்கிற தண்ணீருக்குத் துண்டால் தலையை மூடிக்கொண்டு ஏறினார்கள்.

விரலை நீட்டி எண்ணினேன். வாத்தியார் மாட்டுச் சந்தையா இது என்று முறைத்தார். முன்னாலிருந்து பின்னால் எண்ணினேன், பதினேழு. பின்னாலிருந்து முன்னால் எண்ணினேன், பதினேழு. ஒரு தலையையும் விடவில்லை, ஒரு தலையையும் இரண்டு முறை தொடவில்லை. எடுக்கச் சொன்னேன். அவ்வளவு நிம்மதியாக நான் இந்த மூன்று வருஷத்தில் மூச்சு விட்டதில்லை.

பத்து நிமிடம் போயிருக்கும். மயிலாத்தாள் அம்மாவுக்கு வாந்தி வருமே என்று பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. இரண்டு இருக்கையும் காலி. அவருடைய ஜாக்கெட் மட்டும் இருந்தது. திரும்பி நின்று எண்ணினேன். பதினாறு.

அந்த அம்மா எங்கே என்று முன் வரிசையில் இருந்த வாத்தியார் மனைவியிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஆனால் கடைசி வரிசையைக் காட்டி இதைச் சொன்னார்.

"அங்க ஒரு பெரியவரு ஒக்காந்திருந்தாருங்களே. சட்டையில்லாம, ஈரத்தோட. நான் அந்தம்மாவுக்குச் சொந்தம்னு நெனச்சுட்டனுங்க."

படகைத் திருப்பச் சொன்னேன். திரும்பினால் துறைமுகக் கெடுவான நாலு மணிக்குள் கரை சேர முடியாது, அலை ஏறிவிடும், அபராதம் போடுவார்கள் என்றார் எல்மேர். திருப்புங்கள் என்றேன். ஸ்பானிய மொழியில் சொன்னேனா தமிழில் சொன்னேனா என்று தெரியவில்லை, திருப்பினார்.

மயிலாத்தாள் அம்மா தீவின் பின்பக்கத்தில் இருந்தார். நான் அந்தப் பக்கம் போனது அதுதான் இரண்டாவது தடவை. சாய்ந்த தென்னை ஒன்றின் அடியில், எதிர்த் தீவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் காலடி கேட்டும் திரும்பவில்லை.

"கணக்கு செரியா இருந்துச்சுங்களா தம்பி?"

இருந்தது என்றேன்.

தெரிந்த விஷயம்தான் என்பது போலத் தலையை ஆட்டினார். அய்யாவைத் தன் இடத்தில் ஏற்றி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். மூன்று வருஷமாக இங்கேயே படகுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார், தான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் படகு போய்விட்டது, ஒரு ராத்திரி தானும் இங்கே இருந்து பார்த்தால்தான் அவருக்குச் சரியாகும் என்றார். காய்கறிக்கடையில் நின்று பேசுகிற மாதிரி பேசினார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, நீங்க ஒண்ணும் சொல்லலீங்க. நான் கேக்கவே இல்லீங்க. நீங்க துண்ட மூடிக்கிட்டு சாஞ்சிருந்தீங்க. பக்கத்துல ஜாக்கெட் கெடந்துச்சு. அய்யான்னு நெனச்சுக்கிட்டு நான் போன் பாத்துட்டு இருந்தனுங்க. போலீஸ்ல கேட்டப்ப பயந்து போய் நீங்க சொன்னீங்கன்னு எழுதிட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் வாயின்மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டார், கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார்.

"மூணு வருசமா என்ற வாயையே நான் நம்பலீங்க தம்பி. ஒரு வார்த்த பேசோணும்னா பயமா இருக்கும்."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அவராகவே எழுந்தார், என் கையைப் பிடிக்காமலே மணலில் நடந்து வந்து படகில் ஏறி, கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் துண்டை விரித்தார். எல்மேர் என்னைப் பார்த்தார். நான் எண்ணத் தொடங்கினேன். பதினேழாவதாக அவரிடம் வந்தபோது என் விரலைத் தள்ளிவிட்டார்.

"அன்னைக்குக் கேக்கவே இல்லைன்னீங்கள்ல. இப்பக் கேளுங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டேன்.

"அய்யா வந்துட்டாருங்களா?"

"வரலீங்க. தென்ன மரம் பாக்கப் போனாரு, இன்னும் வரல. நீங்க போய்க் கூட்டியாங்க."

அன்றைக்கு நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்கக்கூடிய பதில் அது. இறங்கினேன். எல்மேர் எஞ்சினை அணைத்துவிட்டார். மணி மூன்றேகால், காற்று ஓங்கி அடித்தது, அலைகள் பலகைமேல் ஏறிக்கொண்டிருந்தன. நேரமாகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்தத் தீவைச் சுற்றி வரப் பதினொரு நிமிடம் ஆகிறது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பாதைகளுக்கு நேரம் குறித்திருக்கிறேன், இதற்குக் குறித்ததில்லை. நடந்துகொண்டே கூப்பிட்டேன். "தாமோதரசாமி அய்யா, படகு கெளம்புதுங்க, வாங்க." எந்த ஊரிலும் எந்த வண்டி வாசலிலும் நான் கூப்பிடுகிற அதே வார்த்தைகள்தான். பின்பக்கத் தென்னைகளுக்கு வந்தபோது நின்று, மூன்று முறை கூப்பிட்டேன். பிறகு திரும்பி வந்து படகில் ஏறினேன்.

மயிலாத்தாள் அம்மா தலையிலிருந்த முந்தானையை விலக்கி என்னைப் பார்த்தார். சத்தம் குடுத்தாருங்களா என்று கேட்டார். குடுத்தாருங்க என்றேன். அவர் கழுத்திலிருந்த தாலிக்கயிற்றைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்துவிட்டு, படகை எடுக்கச் சொல்லுங்க என்றார்.

ஆறுதலுக்காக அப்படிச் சொன்னதாக யாதிரா நினைக்கிறார். இந்த நோட்டைப் படிக்கிறவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். இவ்வளவு பொய் எழுதிய கை, நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. கடிதத்தில் இதை எழுதவில்லை, எழுதினால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். ஆனால் மூன்றாவது முறை கூப்பிட்டபோது, தென்னைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கொஞ்சமும் அவசரமில்லாத ஒரு குரல் "வர்றனுங்க" என்றது.